"எத்தனை?" என்று கேட்ட வேட்பாளர்

போன வாரம் சேலத்தில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். பாடுவதற்கு அல்ல — பயப்படாதீர்கள். மேயர் தேர்தலில் நிற்கும் ஒருவருக்கு ஓட்டுக் கேட்டு அரை நிமிஷம் பேசவேண்டுமாம். பத்திரிகையில் எழுதுகிறவர், குரலும் கணீரென்று இருக்கும் என்று யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

கண்ணாடி அறை. ஏ.சி. காதில் ஹெட்போன். கையில் ஒரு தாள். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை..." என்று தொடங்கி, அடுத்த இடத்தைப் புள்ளி புள்ளியாக விட்டிருந்தார்கள்.

"இங்கே யார் பேரு தம்பி?" என்று கேட்டேன்.

"அதை விட்டுட்டுப் படிங்க மேடம். பேரைப் பின்னாடி ஒட்டிக்கலாம். மூணு வேட்பாளருக்கும் இதே டேப்தான்."

மூன்று பேருக்கும் நானே ஓட்டுக் கேட்பதாம். மூன்று பேருமே உங்கள் வீட்டுப் பிள்ளையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை — ஹெட்போனைக் கழற்றி வைத்து, மன்னிப்புக் கேட்டு, வெளியே வந்து ஆட்டோவில் ஏறி, செவ்வாய்ப்பேட்டை தாண்டும்வரை நிற்காத சிரிப்பு. ஆட்டோக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவருக்கு என்ன தெரியும்? எண்பதுகளில் இதே வாய் ஒரு ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு பெயருக்காகத் தொண்டை கிழியக் கத்தியது. அந்தப் பெயர் பாக்கியம்.

எங்கள் ஊர் சேலம் மாதிரிப் பெரிய நகரமில்லை. பள்ளிபாளையத்துக்கும் மல்லசமுத்திரத்துக்கும் பஸ் போகிற ஒரு நகராட்சி, அவ்வளவுதான். மேயர் எல்லாம் எங்களுக்கு ஏது? சேர்மன்தான் எங்களுக்கு மேயர், கலெக்டர், கவர்னர் எல்லாம். அந்தத் தடவை சேர்மனை மக்களே நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

பாக்கியம் அக்கா யார் என்று சொல்லவேண்டுமே. எங்கள் ஊர் சினிமாத் தியேட்டரில் பெண்கள் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். பெண்கள் வரிசை என்றால் இரண்டு சுவருக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற சந்து. சந்தின் முடிவில் சுவரில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை வரும். கூடவே ஒரு குரல்: "எத்தனை?"

அவ்வளவுதான் பாக்கியம் அக்கா. ஊரில் உள்ள அத்தனை பெண்களுக்கும் அந்தக் கை தெரியும். அந்தக் குரல் தெரியும். முகம் யாருக்கும் தெரியாது. அவர் வீட்டுக்காரர் அதே தியேட்டரில் ஆபரேட்டர். "அவரு மேல படத்தை ஓட்டறாரு, நான் கீழ கூட்டத்தை ஓட்டறேன்" என்பார் அக்கா.

ஒரு சந்தை நாள் மேட்னி. நான் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் மாப்பிள்ளை வருகைக்காக வைக்கப்பட்டிருந்த காலம். பொழுது போகவில்லை, சினிமாவுக்குப் போனேன். சந்தில் எனக்கு முன்னால் நின்ற பெண் திடீரென்று சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பெயர் செல்வி. மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம். தக்காளிக் கூடையைக் காலி செய்துவிட்டு வந்தவள். வயிற்றில் பிள்ளை.

நான் கத்தினேன். என் குரலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அந்தக் கத்தலில் டிக்கெட் ஓட்டை சாத்திக்கொண்டது. பக்கவாட்டுக் கதவு திறந்தது. கண்ணாடி போட்ட, குள்ளமான, கொண்டையில் பென்சில் செருகிய ஒரு அம்மாள் சொம்போடு ஓடிவந்தார். அந்தக் கையை வைத்துத்தான் எங்களுக்கு ஆளே தெரிந்தது.

"குடி சாமி, ஒரு வாய் குடி."

செல்வி சொம்பைத் தள்ளினாள். "வேண்டாங்க."

"ஏஞ்சாமி?"

"காலையில இருந்தே வாயில தண்ணி ஊத்தலீங்க. குடிச்சா அப்பறம் போறதுக்கு எடமில்லீங்களே. பஸ்சு ஏறி ஊடு போய்ச் சேரப் பொழுதாயிருங்க."

அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டிலும் சந்தைப்பேட்டையிலும் ஆண்களுக்கு ஒரு மறைப்பு உண்டு. மறைப்பு இல்லாவிட்டால் சுவர் உண்டு. பெண்களுக்கு?

"அப்பறம் என்னத்துக்குப் படத்துக்கு வந்த? ஊடு போய்ச் சேர வேண்டியதுதானே?" என்றார் அக்கா.

செல்வி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "டிக்கெட்டு வாங்குனா உள்ள இருக்குதுங்களே... என்ன படம்னுகூடத் தெரியாதுங்க."

பின்னால் நின்ற சந்தைப் பெண்கள் நாலைந்து பேர் மெல்லத் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கும் என்ன படமென்று தெரியாது. சந்தை நாள் மேட்னி ஏன் எந்தப் படத்துக்கும் ஹவுஸ்ஃபுல் ஆகிறது என்று தியேட்டர்காரர்கள் வருஷக்கணக்காகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் இதுதான்.

அக்கா செல்வியை டிக்கெட் இல்லாமலே உள்ளே கூட்டிப்போனார். பிறகு சொம்புத் தண்ணீரை அவள் மடமடவென்று குடித்ததை நான் பார்த்தேன்.

பெண்களுக்கும் ஒரு மறைப்பு கட்டித்தரச் சொல்லி மறுநாளே நகராட்சி ஆபீசில் அக்கா ஒரு மனுக் கொடுத்தார். நானும் போனேன். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் அதைப் பாதி படித்துவிட்டு ஓரத்தில் வைத்தார். "இதெல்லாம் கவுன்சில்ல தீர்மானம் ஆகணும்மா. அவசரம்னா நீயே சேர்மன் ஆகிக் கட்டிக்க" என்றார்.

ஆபீசே சிரித்தது. பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அதுக்கு எங்கீங்க மனுப் போடோணும்?"

இப்படித்தான் எங்கள் ஊரில் ஒரு சுயேச்சை வேட்பாளர் உருவானார். கிண்டலாகச் சொன்னதை ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் பாருங்கள்.

எதிரே நின்றவர் லேசுப்பட்டவரில்லை. எல்லாரும் அவரைப் போர்க்காரர் என்பார்கள். எங்கள் பக்கம் போர் என்றால் சண்டை இல்லை, ஆழ்குழாய்க் கிணறு. ரிக் லாரிகளை மகாராஷ்டிரம்வரை அனுப்பித் துளை போடுகிற முதலாளி. கெட்டவர் என்று சொல்லமுடியாது. கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவார், நிறைய சிரிப்பார், எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் நின்றால் அவர்தான் சேர்மன் என்று ஊரே நினைத்தது. அவரும் நினைத்தார்.

அவருடைய ரிக் ஆபீசில் மேனேஜர் யார் தெரியுமா? என் அப்பா.

இப்போது என் குரலுக்கு வருகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கு, முழி, படிப்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். நான் வாயைத் திறந்து "காப்பி எடுத்துக்கோங்க" என்றால் டம்ளர் ஆடும். தரகர் வந்து, "பொண்ணு தங்கமுங்க, கொரலுதான் கொஞ்சம் ஓங்கி இருக்குதுங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அம்மா என்னை மெதுவாகப் பேசப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பாக்கியம் அக்காவின் பிரச்சார ஆட்டோ எங்கள் வீதி முனையில் வாயடைத்து நின்றது. மேலே குழாய் ஸ்பீக்கர், அதற்கும் மேலே கட்டிவைத்த பெரிய கறுப்புக் குடை — அவருக்குக் கிடைத்த சின்னம். எல்லாம் இருக்கிறது, பேச ஆளில்லை. சுற்றுவட்டாரத்தில் மைக் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரையும் போர்க்காரர் ஆட்கள் முன்னாடியே பேசி வைத்துவிட்டார்கள். ஆட்டோ டிரைவர் குமரேசனுக்குத் திக்குவாய். அக்காவுக்கோ "எத்தனை?" என்பதைத் தாண்டிப் பொதுவில் பேசிப் பழக்கமில்லை.

"அன்னிக்கு சந்துல கத்துனியே அம்மிணி, அந்தக் கத்தலை இதுல கத்துறயா?" என்றார் அக்கா.

நான் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா உள்ளே இருந்தாள். அப்பா ஆபீசில். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தடவை மைக்கில் என்ன பேசினேன்? எதுவுமில்லை. தொண்டையைச் செருமினேன். அந்தச் செருமலே அடுத்த வீதிவரை கேட்டு, இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தேன் பாருங்கள் — "அக்காமாரே, அம்மாமாரே! தியேட்டர்ல டிக்கெட்டுக் குடுக்கற நம்ம பாக்கியம் அக்கா ஓட்டுக் கேட்டு வாராங்க..."

சொல்லச் சொல்ல உடம்பெல்லாம் ஒரு ஜிவ்வு. இத்தனை வருஷம் அடக்கி வைக்கச் சொன்ன குரலை ஊரே கேட்கும்படி எடுத்துவிடுவதில் இருக்கிற சுகம் இருக்கிறதே... மைக்கைப் பிடித்தவர்கள் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது.

ஆனால் வீடு வீடாகப் போனால் ஒரு சிக்கல். அக்கா வாசலில் நின்று கும்பிடுவார். உள்ளே இருப்பவர்கள், "யாருங்க நீங்க?" என்பார்கள்.

"நாந்தானுங்க பாக்கியம்."

"எந்தப் பாக்கியமுங்க?"

முகம்தான் யாருக்கும் தெரியாதே. நோட்டீசில் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் டீச்சருங்களா?" என்று கேட்டார்கள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள், "ஊட்ல அவர் வரட்டுங்க, கேட்டுச் சொல்றோம்" என்று கதவு சாத்திக்கொள்ளும்.

தறிக்காரர் வீதியில் ஒரு வீடு. உள்ளே தறி சத்தம். கதவைத் தட்டினால் கேட்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, ஆனால் உயரம். அக்காவோ குள்ளம். எட்டிப் பார்க்க முடியாமல், கம்பிக்கு நடுவே கையை மட்டும் உள்ளே விட்டு ஆட்டினார். பழக்கதோஷம் — வாய் தானாகக் கேட்டது.

"எத்தனை?"

தறி நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், அதுவும் பழக்கதோஷம், உடனே பதில் சொன்னது. "பெஞ்சு ரெண்டுங்க... ஒரு அரை டிக்கெட்டு."

அடுத்த விநாடி உள்ளே ஒரு சிரிப்பு வெடித்தது. கதவு திறந்தது. "அய்யோ, நம்ம டிக்கெட்டு அக்காவா? நீங்கதானா எலக்சன்ல நிக்கறது? உள்ள வாங்க. ஏ புள்ள, பக்கத்து ஊட்டு ஆளுகளக் கூப்புடு..."

அதற்கப்புறம் எங்களுக்கு நோட்டீசும் தேவைப்படவில்லை, போட்டோவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் ஒரு பச்சை வளையல் கை. "எத்தனை?"

"எங்க ஊட்ல அஞ்சு ஓட்டுங்க. ரெண்டு பொம்பளை ஓட்டு உங்களுக்கு. மத்ததுக்கு நாங்க பொறுப்பில்லீங்க."

எதிர்த் தரப்பு சும்மா இருக்குமா? கையைக் காட்டி ஓட்டுக் கேட்கிறார்கள், கை வேறொரு கட்சியின் சின்னம், விதிப்படி தப்பு என்று யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரி அக்காவிடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கையை வெட்டிட்டா போய் ஓட்டுக் கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மைக்கில் சொன்னதெல்லாம் ஒரே விஷயம்தான். "அம்மாமாரே, உங்க ஊட்டுக்காரர் ஓட்டு அவருது. உங்க ஓட்டு உங்களுது. ஓட்டுப் பெட்டிக்கிட்ட மறைப்புக்குள்ள உங்களோட மாமனாரும் வரமாட்டாரு, மச்சாண்டாரும் வரமாட்டாரு. பஸ் ஸ்டாண்டுல நமக்கு இல்லாத மறைப்பு அங்க ஒண்ணு கட்டி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள போய்க் குடையில ஒரு குத்துக் குத்துங்க."

இதைக் கேட்டு வீதியில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆண்கள் தரையைப் பார்ப்பார்கள்.

ஒரு மத்தியானம் பள்ளிபாளையம் ரோட்டில் எங்கள் ஆட்டோவை ஒரு அம்பாசிடர் கார் மறித்தது. பின் சீட்டில் போர்க்காரர். முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், என் அப்பா.

போர்க்காரர் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். "என்ன சாமி, உங்கொரலு எங்க ஊட்டு அடுப்படி வரைக்கும் வருதே. இந்தக் கொரலு ஓட்டை ஆட்டோவுலயா இருக்கறது? நம்ம வண்டியில ஏறிக்கோ. அப்பன் இங்க, புள்ள அங்கன்னா ஊரு சிரிக்காதா?"

"முடியாதுங்க மாமா" என்றேன். மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். அது ரோடு முழுக்கக் கேட்டது.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. "மேனேஜர், நீங்க சொல்லுங்க உங்க பொண்ணுக்கு."

அப்பா இறங்கவில்லை. திரும்பவும் இல்லை. காரின் முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "ஊட்ல வெறும் வாயில பேசறப்பவே என்னால அடக்க முடியறதில்லீங்க. இப்ப மைக்கு வேற கைக்கு வந்துருச்சுங்க."

டிரைவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. கார் கிளம்பிப் போய்விட்டது.

மறுநாள் காலை அப்பா ஆபீசுக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எலக்சன் முடியற வரைக்கும் ஊட்லயே இருக்கச் சொல்லிட்டாரு."

"முடிஞ்சப்பறம்?" என்று கேட்டாள் அம்மா.

"அதைச் சொல்லலை."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பாவுக்கு அந்த வேலைதான் எல்லாம். எந்த லாரி எந்த ஊரில் நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். "நான் நாளையிலிருந்து போகலைங்கப்பா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். "நீ இப்ப நிறுத்துனா, மொதலாளிக்குப் பயந்து நிறுத்திட்டாள்னு அவரே சொல்லுவாரு. அந்தப் பொம்பளையும் நடுத்தெருவுல நிப்பா. ரெண்டு பக்கமும் மரியாதை போயிரும். போயிட்டு வா."

போனேன். மாலையில் ஆட்டோ எங்கள் வீதியைக் கடந்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்ததைப் பார்த்தேன்.

அன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "'குடையில ஒரு குத்து'ன்னு சொல்றயில்ல... அந்தக் குத்துக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்து. மக்க மனசு அங்க வந்து நிக்கோணும். அப்பறம் குத்து."

அம்மா கரண்டியோடு அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேலையில்லாத மனுஷனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்கடுத்த நாட்களில் எங்கள் பிரச்சாரத்துக்கு யாருக்கும் தெரியாத ஒரு டைரக்டர் கிடைத்தார். "சந்தை நாள்ல சாமக்கோடாங்கி மாதிரி இழுக்காத. சுருக்கமாச் சொல்லு." "மில்லு ஷிப்ட் விடற நேரம் பாத்து அந்த முக்குல நில்லு." அவர் சொன்னபடி செய்தால் கூட்டம் நின்றது. ரிக் லாரிகளை அனுப்பிப் பழகிய மனுஷன், எங்கள் ஆட்டோவையும் வீட்டு ஜன்னலில் இருந்தே அனுப்பிக்கொண்டிருந்தார்.

பிரச்சாரம் முடியும் நாள். போர்க்காரர் தன் ரிக் லாரிகளை எல்லாம் வரிசையாக நிறுத்தி ஊர்வலம் விட்டார். முன்னால் மேளம், பின்னால் பட்டாசு, திறந்த ஜீப்பில் மாலையோடு அவர். ஊரே ரோட்டோரம். எங்கள் ஆட்டோவைப் போலீஸ் ஒரு சந்தில் ஒதுக்கி நிறுத்திவிட்டது. பாக்கியம் அக்கா லாரிகளைப் பார்த்தார். "இத்தனை பெரிய கூட்டத்துக்கு நாம எங்கிருந்து டிக்கெட்டுக் கிழிக்கறது?" என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் முதல்தடவையாகச் சோர்வைப் பார்த்தேன்.

அப்போது மழை பிடித்தது.

கோடை மழை. முன்னறிவிப்பே இல்லாமல் சட்டிசட்டியாகக் கொட்டுகிற மழை. வெயிலுக்குக் குடையோடு வந்திருந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்? விரித்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் குடை. லாரி மேல் குடை. மேளக்காரர்கள் தலைக்கு மேல் குடை. ஜீப்பில் முதலாளி நனையக்கூடாதென்று ஒரு விசுவாசி பெரிய குடையை விரித்து அவர் தலைக்கு மேலேயே பிடித்தான்.

சந்துக்குள்ளிருந்து நான் இதைப் பார்த்தேன். மைக்கை எடுத்தேன். குத்துக்கு முன்னாடி நிறுத்தவேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தாரே — நிறுத்தினேன். பிறகு சொன்னேன்.

"நம்ம சின்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ஊர்வலம் போற எல்லாருக்கும் பாக்கியம் அக்காவோட நன்றிங்க. முக்கியமா ஜீப்புல வர்ற மாமாவுக்கு."

முதலில் ஒரு பக்கம் சிரித்தது. அப்புறம் எதிர்ப்பக்கம். பிறகு ரோடு முழுக்க. போர்க்காரர் மேலே பார்த்தார், குடையைப் பார்த்தார். "மடக்குடா" என்றார். மடக்கினார்கள். லாரி மேலிருந்தவர்களும் மடக்கினார்கள். ஊர்வலம் மொத்தமும் தெப்பலாக நனைந்துகொண்டு போனது. ஓரத்தில் நின்ற ஜனங்கள் மட்டும் மடக்கவில்லை. பாக்கியம் அக்கா ஆட்டோவுக்குள் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். குமரேசன் சிரித்த சிரிப்பில் திக்கலே இல்லை.

ஓட்டுப்பதிவு நாளில் பெண்கள் வரிசை ஸ்கூல் கேட்டைத் தாண்டி நின்றது. சந்தில் நிற்கப் பழகிய கூட்டம். யாரும் முண்டவில்லை, யாரும் பேசவில்லை. என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு முகத்திலும் எழுதியிருக்கவில்லை. பெண்கள் ஓட்டு எங்கே போகும் என்று டீக்கடையில் ஆண்கள் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டிருந்தார்கள். பெண்கள் அதற்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டார்கள்.

எண்ணிக்கை அன்று நான் வெளியே புளியமரத்தடியில் நின்றேன். அப்பாவும் வந்திருந்தார், ஆனால் கொஞ்சம் தள்ளி, எந்தப் பக்கத்து ஆளும் இல்லாதமாதிரி நின்றார். போர்க்காரர் முன்னால் என்றார்கள். பிறகு பாக்கியம் முன்னால் என்றார்கள். பிறகு சத்தமே இல்லை. ஒலிபெருக்கியில் கடைசியாக ஒரு குரல் அக்காவின் பெயரைச் சொன்னபோது, அந்தக் குரல் என்னுடையதாக இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

வித்தியாசம் அதிகமில்லை. ஒரு சந்தை நாள் மேட்னிக்கு வருகிற பெண்கள் கூட்டம் அளவுக்குக்கூட இராது. ஆனால் ஜெயிப்பு ஜெயிப்புதானே? நான் கத்திய கத்தலில் புளியமரத்துக் காக்கைகள் அத்தனையும் எழும்பின. மைக் இல்லாமலேதான்.

கூட்டம் விலகியது. போர்க்காரர் கையில் ஒரு மாலையோடு வந்துகொண்டிருந்தார். அவர் அக்காவுக்கு மாலையைக் கையில் கொடுத்துக் கும்பிட்டார்.

"நேத்தே எனக்குத் தெரியுமுங்க" என்றார். "எம் பொண்டாட்டி ஓட்டுப் போட்டுட்டு வந்து, எம் மூஞ்சியப் பாக்காமயே காப்பியக் குடுத்தா. கல்யாணம் ஆனதுல இருந்து அவ அப்படிக் குடுத்ததே இல்லீங்க. தோத்துட்டோம்னு அப்பவே சட்டையைக் கழட்டி மாட்டிட்டேன்."

அக்கா சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தார். போர்க்காரர் திரும்பினார். தள்ளி நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"மேனேஜர்."

"சொல்லுங்க."

"நாளைக்கு ஆபீசுக்கு வந்து சேருங்க. நீங்க இல்லாம எந்த லாரி எந்த ஊருல நிக்குதுன்னே எவனுக்கும் தெரியலை. ஒருத்தன் நாக்பூர்ல போட வேண்டிய போரை நந்தியால்ல போட்டுக்கிட்டு நிக்கறான்."

அப்பா, "சரிங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அப்பாவுக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சேர்மன் நாற்காலியில் பாக்கியம் அக்கா போட்ட முதல் கையெழுத்து எதற்கென்று நான் சொல்லவேண்டியதில்லை. முதலில் பஸ் ஸ்டாண்டில் ஒன்று, பிறகு சந்தைப்பேட்டையில் ஒன்று. கவுன்சில் கூட்டத்தில் இதைப் பேசவே கூச்சப்பட்டார்கள். உறுப்பினர் ஒருவர், "அந்தத் தீர்மானம்... அதாவது அது..." என்றே பேசி முடித்தாராம். பஸ் ஸ்டாண்டுக் கட்டடம் எழும்பும்வரை யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "சேர்மனம்மா வேற ஏதாச்சும் கௌரவமாக் கட்டக் கூடாதுங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு.

ஆனால் திறக்கும் நாள் நெருங்க நெருங்க, சந்தைக்கு வரும் பெண்கள் அதைப் பற்றியே பேசினார்கள். சுற்றுவட்டாரத்துக் கிராமமெல்லாம் அதே பேச்சு. வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அக்காவைக் கும்பிட்டார்கள். இதைப் பார்த்ததும் கவுன்சிலில் ஒரு மாற்றம். எல்லாருக்கும் திடீரென்று அந்தக் கட்டடத்தின் மீது பாசம் வந்துவிட்டது. கல்வெட்டு வைக்கவேண்டும் என்றார் ஒருவர். அதில் தன் பெயர் எத்தனையாவதாக வரும் என்றார் இன்னொருவர். தீர்மானத்தை முன்மொழிந்தது நான் என்றார் மூன்றாமவர். "அது... அது" என்று பேசியவரேதான்.

கல் தச்சர் வந்து பெயர்களைக் கேட்டுக்கொண்டு நின்றார். வாக்குவாதம் முடிகிற வழியாக இல்லை. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். நானும் அங்கே இருந்தேன், அதனால் அவர் சொன்னதை அப்படியே சொல்லமுடியும்.

"எம் பேரும் வேண்டாமுங்க, உங்க பேரும் வேண்டாமுங்க. 'பெண்கள்'னு மட்டும் பெருசா எழுதிருங்க. பஸ்சுல இருந்து எறங்கறவங்களுக்கு அதுதான் தெரியோணும்."

எங்கள் ஊரில் எந்தத் தலைவர் பெயரும் இல்லாமல் திறந்த ஒரே கட்டடம் அதுதான் — கூட்டம் குறையாத கட்டடமும் அதுதான்.